எட்டடி முகம்

"பெருசு பண்ணும்போது, அதுல இல்லாததெல்லாம் எங்கேர்ந்து வருது ஜெஸ்ஸி?"

திவ்யா என்னிடம் இதைக் கேட்டபோது அவள் மாமியார் கஸ்தூரியம்மாள் கடை வாசலில் நின்று நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஆள் எதிரே நின்று கேட்டால் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஸ்டீபன் அண்ணன் கடைக்கு வேலைக்கு வந்த பிறகு, கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்தால் ஒரு நாளைப் பேசாமலே கழித்துவிட முடிகிறது.

எங்கள் கடை பழவேற்காடு கடைத்தெருவில், பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனர் வடிவமைப்பதுதான் இங்கே. அடிப்பது பொன்னேரியில். நாங்கள் ஃபைலை அனுப்பினால் அவர்கள் அடித்துச் சுருட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்காமலே அதை எங்கள் வாசலில் வீசுவார். கல்யாணம், காதுகுத்து, கெங்கையம்மன் திருவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அப்படித்தான் வந்து விழும்.

இந்த வேலையில் முதல் தொல்லை படம் சின்னதாக வருவது. போனில் பளிச்சென்று தெரியும். எட்டடிக்கு ஆறடி இழுத்தால் உடைந்துவிடும். கண் இருந்த இடத்தில் கறுப்பாக நாலு கட்டம், மூக்கு இருந்த இடத்தில் பழுப்பாக நாலு கட்டம். 'படத்தை டாகுமெண்டாக அனுப்பவும்' என்று வாசலில் ஒட்டியிருக்கிறோம். ஒருவரும் படிப்பதில்லை.

நாகப்பனும் படிக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் வந்து போனை மேசைமேல் வைத்தார்.

"தம்பி படம். எட்டுக்கு ஆறு. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

அவர் தம்பி தீனாதான் திவ்யாவின் புருஷன். கார்த்திகை பிறந்த வாரத்தில் ஏரி முழுக்க வெள்ளத் தண்ணீர் ஏறி, முகத்துவாரம் அகலமாக அறுத்துக்கொண்டு கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாயைத் தாண்டும்போது தீனா போன பைபர் படகு அலையில் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். படகு கிடைத்தது. எஞ்சின் கிடைத்தது. வலையில் பாதி கிடைத்தது. தீனா கிடைக்கவில்லை. காட்டுப்பள்ளி வரைக்கும் கரையோரமாக நடந்து தேடினார்கள். அந்தப் பக்கம் ஆந்திரக் குப்பங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் ஊர் பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் இருக்கும் நடுமேட்டுக்குப்பம். கடலில் ஆள் காணாமல் போனால் அந்த ஊரில் ஒரு படகும் இறங்காது. உடல் ஒதுங்கினால் அடக்கம் செய்துவிட்டு இறங்குவார்கள். ஒதுங்காவிட்டால் கருமாதிக்கு நாள் குறித்து, ஊர் முனையில் பேனர் ஏற்ற வேண்டும். பேனர் ஏறினால்தான் படகு இறங்கும். அந்தப் பேனருக்குப் படம் பெண்டாட்டி கையிலிருந்து வரவேண்டும் என்பது ஊர் வைத்த கட்டு. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஒருவரை இப்படித்தான் செத்துவிட்டதாக முடிவு செய்தார்கள். நெல்லூர்ப் பக்கத்து விசைப்படகு ஒன்று அவரைத் தூக்கிக் காப்பாற்றியிருந்தது. காய்ச்சலில் கிடந்து தேறி, பஸ் பிடித்து வந்து இறங்கியவர், தன் முகத்தைத் தானே அண்ணாந்து பார்த்துவிட்டு, பேனரைக் கிழித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். பெண்டாட்டியைக் கேட்காமல் அண்ணன் தம்பிகளே படம் கொடுத்ததால் வந்த வினை என்று ஊர் அப்போது பேசி முடித்தது.

ஸ்டீபன் அண்ணன் நாகப்பனின் போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நாகப்பண்ணா, இது படமா, கடுகா?"

"இன்னாப்பா சொல்ற?"

"வாட்சப்புல முகப்புல வைக்கிற படத்த, இன்னொரு போன்ல படம் பிடிச்சி, அதயும் வெட்டி அனுப்பிக்கீறாங்கோ. எட்டுக்கு ஆறு இழுத்தா மூஞ்சி வராது. கோலம்தான் வரும்."

"திவ்யா குடுத்தது அதான். பொண்டாட்டி கைலேர்ந்து வந்தாச்சு. உன் தொழில் இன்னா, பெருசு பண்றதுதானே? பண்ணு."

"வலைக்கண்ண இழுத்தா பெருசாவுமா? அறுந்துதான் போவும். அந்தப் பொண்ணு போன்ல நல்ல படம் இருக்கும், வாங்கினு வா."

நாகப்பன் கடைக்குள் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார். "இந்தப் பாப்பாவ அனுப்பு. பொம்பளப் புள்ள போய்க் கேட்டா குடுப்பா. என்னப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கிறா."

நான் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் ஸ்டீபன் அண்ணன் மழைக்கோட்டை எடுத்து நீட்டிவிட்டார்.

பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் ஏரி செம்மண் நிறத்தில் இருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழைத் தண்ணீருக்கு இறால் ஏறிவரும் பருவம். அதைப் பார்த்து நாகப்பன் வண்டியை மெதுவாக்கினார்.

குப்பத்தில் படகுகளை மேட்டுக்கு ஏற்றிக் கட்டியிருந்தார்கள். வலைக் கொட்டகையில் ஆண்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரித்து ஆடவில்லை. எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஒருவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நாகப்பா, இன்னிக்காவது உண்டா?"

"உண்டுண்ணே."

"நேத்தும் உண்டுன்ன. நாளைக்குக் காத்து அடங்குது. அத்த உட்டா அப்பால எப்பன்னு எவனுக்குத் தெரியும்? தீனா எங்களுக்கும் புள்ளதான். இல்லன்னு சொல்லல. அடுப்புன்னு ஒன்னு கீது."

நாகப்பன் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதற்கு அடியில் உட்கார்ந்து கஸ்தூரியம்மாள் நண்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கலைவாணி ஒரு சட்டியில் சோறும் மேலே கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

"ரேஷன் அரிசிதான் அத்த. கருவாடும் ஆயிப்போச்சு. நாளைக்கு வெறும் ரசம்தான்."

"உங்களுக்கே இல்ல, எங்களுக்கு எதுக்குடி?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"இருக்கறத துண்றோம். எப்ப முடியும்னு மட்டும் சொல்லிடுங்க." கலைவாணி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திவ்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் சார்ஜில் இருந்தது. வயர் குட்டையாக இருந்ததால் அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"படம் அனுப்பிட்டேனே."

"சின்னதா இருக்குக்கா," என்றேன். அதைச் சொல்லவே எனக்கு வியர்த்தது.

"இருக்கறது அதான்."

வெளியிலிருந்து நாகப்பன் சத்தம் போட்டார். "போன் ரொம்ப அவன் படத்த வெச்சிக்கினு இருக்கறது அதான்னு சொல்ற! ஊரு மொத்தமும் என் வாசல்ல குந்திக்கினு கீது. அவன் எனக்குத் தம்பி இல்லியா? எனக்கு மட்டும் இனிக்குதா இது?"

"ஏன்டா கத்தற?" என்றாள் கஸ்தூரியம்மாள். நூலைப் பல்லால் அறுத்துவிட்டு உள்ளே பார்த்துச் சொன்னாள்: "குடுத்துடும்மா. அவன் அங்க தண்ணிக்குள்ள கரை தெரியாம அலைவான். ஒரு பிடி சோத்த வெச்சி அனுப்பிடலாம். எத்தினி நாளு அவன அலைய உடுவ?"

"அலையட்டும் அத்த. அலையறவன் வருவான். அனுப்பிட்டா எப்படி வருவான்?"

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து கொட்டியது.

திவ்யா வயரிலிருந்து போனைப் பிடுங்கி என் மடியில் வைத்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். தீனா படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தான். தீனா ஒரு பெரிய கொடுவா மீனைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தான். தீனா வாய் நிறைய இட்லியோடு, படம் எடுக்காதே என்று கையை நீட்டியிருந்தான். இடது புருவத்தைத் திருக்கை முள் கிழித்த தழும்பு ஒவ்வொரு படத்திலும் தெரிந்தது. சிரித்தால் முன்பல் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறியிருக்கும். எதை வேண்டுமானாலும் எட்டடி இழுக்கலாம். உடையாது.

"இதுல எந்தப் படத்துல செத்துப்போன ஆளு மாதிரி கீறாரு? காட்டு. அத்த அனுப்பிடறேன்," என்றாள் திவ்யா.

நான் போனை அவள் கையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கடைக்குத் திரும்பியபோது மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பேனர் போட வந்த ஒருவர் ஸ்டீபன் அண்ணனிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். "பொண்ண இன்னும் கொஞ்சம் வெளுப்பா போடுப்பா."

"இதுக்கு மேல வெளுத்தா பொண்ணு தெரியாது, பட்டுப் புடவை தனியா நிக்கும். பரவால்லியா?"

அவர் போன பிறகு ஸ்டீபன் அண்ணன் நாகப்பனின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அந்தக் கடுகுப் படத்தை ஒரு செயலியில் ஏற்றினார். நெட்டில் கிடைப்பது. உடைந்த படத்தைக் கொடுத்தால் அது மாதிரியான ஆயிரம் முகங்களை நினைத்து, இல்லாததை இட்டு நிரப்பித் தரும். நீலக்கோடு மெல்ல நகர்ந்தது. கரண்ட் ஒருமுறை போய்வந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம்.

முகம் வந்தது. கண்ணில் ஒளி இருந்தது. புருவம் இரண்டும் வரைந்தது போல் முழுசாக இருந்தன. பல் வரிசை பிசகவில்லை. கன்னத்தில் உப்புக் காற்றுப் பட்ட தடம் ஒன்றும் இல்லை. கழுத்துக்குக் கீழே சட்டைக்குள் யாரோ நகரத்துப் பையன் கையை மடித்து நின்றுகொண்டிருந்தான்.

நாகப்பன் வெகு நேரம் பார்த்தார். "சினிமாக்காரன் மாதிரி கீறான்."

"தீனா மாதிரி கீறானா?"

"தூரத்துலேர்ந்து பாத்தா தீனாதான். போடு. படம் அவ குடுத்தது. இனிமே ஊரு ஒன்னும் பேச முடியாது." எழுந்து நின்றவர் மறுபடி உட்கார்ந்தார். "எதுக்கும் பொம்பளைங்கள இட்டாந்து காட்டிடறேன். பேரு, தேதி தப்பா பூட்டா எங்கம்மா என்னத்தான் திட்டும்."

அவர் போன பிறகு எனக்கு அந்தப் புருவத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போன ஆடித் திருவிழாவுக்கு நடுமேட்டு இளைஞர்கள் எங்கள் கடையில்தான் பேனர் போட்டார்கள். பழைய கோப்புகளில் தேடினேன். கேமராவில் எடுத்த படம். வேட்டி கட்டிய பையன்களின் நடுவில் தீனா நின்றிருந்தான். சிரிக்கவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தான். அவனை மட்டும் வெட்டி எடுத்து, பக்கத்திலிருந்தவன் தோளில் போட்டிருந்த கையை அழித்து, அதே அளவில் வைத்தேன். இழுத்தேன். உடையவில்லை.

"அதயும் வெச்சிரு," என்றார் ஸ்டீபன் அண்ணன். "எது வேணும்னு அவங்களே சொல்லட்டும்."

அவர்கள் வந்தபோதுதான் திவ்யா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். செயலி செய்த முகம் திரையில் இருந்தது. அவள் அனுப்பிய சின்னப் படத்தைப் பக்கத்திலேயே திறந்து வைத்திருந்தேன். அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். முதலில் பயந்தது போலிருந்தது. பிறகு அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

"இதயே போடு," என்றாள். "இது யாருன்னே எனக்குத் தெரியாது. இவரு போவட்டும்."

கஸ்தூரியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எவன்டா இவன்?"

"தீனாம்மா," என்றார் நாகப்பன்.

"நான் பெத்தத எனக்கே காட்டித் தரியா? எவன் இவன்? பௌடர் பூசினு?"

"சின்னப் படத்துலேர்ந்து அப்படித்தாம்மா வரும்," என்றார் ஸ்டீபன் அண்ணன். "இன்னொன்னு இருக்கு. ஜெஸ்ஸி, காட்டு."

திறந்தேன். கஸ்தூரியம்மாள் கையை நீட்டித் திரையைத் தொட்டாள். கண்ணாடியில் ஈர விரல் பட்டு, தீனாவின் நெற்றியில் வானவில் மாதிரி நிறங்கள் தெரிந்தன.

"இதான். இதப் போடு."

"அத்த, அது வேணாம். நான் குடுத்தது அது இல்ல."

"ஏன் வேணாம்? எவனோ ஒருத்தன் மூஞ்சிக்கு முன்னால சோறு வெச்சா எம்புள்ளைக்கு எப்படிடி போய்ச் சேரும்?"

"சேர வேணாம்னுதான் சொல்றேன்." திவ்யா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஊருக்கு ஒரு படம் ஏறணும், படகு எறங்கணும். சரி. எம்பேர்ல யாரும் பட்டினி கெடக்க வேணாம். படத்தக் குடுத்துட்டேன். நாள் குறிச்சிக்கோங்க. கருமாதில எண்ணெய் தொடணும்னா தொடறேன், பூவ எடுக்கணும்னா எடுத்துக்கோங்க. அவரு மூஞ்சிய மட்டும் அங்க ஏத்தாதீங்க. தெனம் அந்த வழியாதான் தண்ணிக்குப் போவணும் நானு."

"அப்ப நான் எந்த வழியா போவேன்? எனக்கு மட்டும் வேற ரோடு போட்டுக்கீறாங்களா?"

"அத்த..."

"நீ கட்டினு வந்து ஆறு வருசம். அவன் மூஞ்சிய நான் கழுவி உட்டவ. பொய்யான மூஞ்சிக்கு நான் அழ மாட்டேன்."

நாகப்பன் இருவருக்கும் நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் கம்முனு இருங்க. ஸ்டீபன், பொன்னேரிக்காரன் இன்னா சொல்றான்?"

"இப்ப அனுப்பினாதான் மத்தியான பஸ்சுல ஏத்துவான். உட்டா நாளைக்குத்தான்."

"நாளைக்கு இல்ல. காத்து அடங்கறது நாளைக்குக் காலைல. அதுக்குள்ள பேனர் ஏறணும்." அவர் கையைக் கூப்பினார். "யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லுங்கம்மா. உங்க கால்ல உழறேன்."

இருவரும் சரி என்று சொல்லவில்லை. ஸ்டீபன் அண்ணன் என் பக்கம் குனிந்தார். "ரெண்டையும் அனுப்பு. ஒன்னோட காசு நம்ம கடைக் கணக்குல இருக்கட்டும்."

அனுப்பினேன்.

மத்தியானம் வரைக்கும் அவர்கள் கடையிலேயே இருந்தார்கள். மாமியார் உள்ளே ஸ்டூலில். மருமகள் வெளியே, வாசல் படியில், மழை தெறிக்கும் இடத்தில். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். திவ்யா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்; ஆறிப்போன பிறகு என்னிடமே கொடுத்தாள். கொட்டகையில் சீட்டைக் கவிழ்த்து வைத்தவரும் இன்னும் இரண்டு பேரும் சைக்கிளில் வந்து எதிர்க் கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. பேனர் கட்டச் சவுக்குக் கட்டை தயார் என்று ஒருவர் மட்டும் நாகப்பனிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் வந்தது. பாலித்தீன் சுற்றிய இரண்டு உருளைகள் வாசலில் விழுந்தன.

ஸ்டீபன் அண்ணன் நாற்காலிகளை ஒதுக்கித் தரையில் இடம் செய்தார். முதலில் பிரித்தது செயலி செய்த முகம். புது மை வாசனை கடை முழுக்க அடித்தது. கஸ்தூரியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, அடுத்தது என்பது போல் கையை அசைத்தாள்.

இரண்டாவதைப் பிரித்தோம்.

திரையில் பார்த்தது வேறு. இது ஆளைவிடப் பெரியதாக, கால்மாட்டில் நாங்கள் நிற்க, தலைமாட்டில் சுவர் இருக்க, தரையோடு தரையாக மல்லாந்து கிடந்தது. மேலே தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. தீனா கண்ணைச் சுருக்கி எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. கடைக்குள் நுழைந்த நாகப்பன் செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கஸ்தூரியம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். எதிர்க் கடையில் நின்றவர்களும் அப்படி நினைத்திருக்க வேண்டும். தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார்கள். அவள் அழவில்லை. தரைத் தூசி ஒட்டியிருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள்.

"எம்மா," என்றார் நாகப்பன். "இருட்டிடும்மா. இதயே எடுத்துக்கவா?"

அவள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். திவ்யா எழுந்து நின்றிருந்தாள். கடைக்குள் வரவில்லை, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். சின்னப் பிள்ளைகள் ஊசி போடும்போது மூடுவது போல்.

கஸ்தூரியம்மாள் முட்டி போட்டுக் கால்மாட்டுப் பக்கம் போனாள். அங்கிருந்து சுருட்ட ஆரம்பித்தாள். நாகப்பன் உதவ வந்தபோது அவர் கையைத் தள்ளிவிட்டாள். வேட்டி, மார்பு, கழுத்து. முகத்துக்கு வந்தபோது நிறுத்தவில்லை. சுருட்டி முடித்து, சணலால் இரண்டு இடத்தில் கட்டி, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, அதைத் திவ்யாவின் இரண்டு கைகளிலும் வைத்தாள். திவ்யா கண்ணைத் திறந்தாள்.

"அத்த..."

கஸ்தூரியம்மாள் திரும்பி உள்ளே போனாள். தரையில் கிடந்த மற்றப் பேனரைச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டாள். மகனையும் பார்க்காமல், எதிர்க் கடையில் நின்றவர்களையும் பார்க்காமல், மழையில் இறங்கிப் பாலத்தின் பக்கமாக நடந்து போனாள்.